பொலிஸ் மா அதிபர் யார் என்பது நுரைச்சோலைக்கு ஏன் முக்கியம்?

கற்பிட்டிக் குடாநாட்டில், புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே அமைந்துள்ள நுரைச்சோலையை நாட்டின் ஏனைய பகுதி மக்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் அங்குள்ள 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தின் காரணமாகவே. ஆயினும் அங்கு கடற்றொழில் செய்தும் மரக்கறித் தோட்டங்களை நம்பியும் வாழும் மக்கள் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பொலிஸ் நிலையமாகும். வலை களவு போனாலும், காணி எல்லையில் தகராறு மூண்டாலும், வீட்டுப் பிள்ளையொன்று நேரத்துக்குத் திரும்பாவிட்டாலும் அவர்கள் செல்ல வேண்டிய இடம் அதுவே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையில் தஞ்சமடைந்த முஸ்லிம்களும், தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அந்த ஒரே மேசையின் முன்னால்தான் போய் நிற்கின்றனர்.

அந்த மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பொறுப்பதிகாரி யாருக்கு அஞ்சுகிறார் என்பதே எமது கேள்வி. சட்டத்துக்கா, தமது மேலதிகாரிக்கா, அல்லது இடமாற்றக் கடிதத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் வரவழைக்கக்கூடிய அரசியல்வாதிக்கா? கொழும்பில் பொலிஸ் மா அதிபர் நியமனம் தொடர்பாக எழும் சர்ச்சைகளை மேல்மட்டத்தாரின் பதவிப் போட்டியாகக் கருதி நாம் கடந்து சென்றுவிடுகிறோம். உண்மையில் நுரைச்சோலை மேசையில் எழுதப்படும் முறைப்பாட்டின் தலைவிதி பெருமளவுக்கு அந்தச் சர்ச்சைகளிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. 2023 முதல் 2025 வரை நடந்தேறிய நிகழ்வுகள் இதனை மிகத் தெளிவாக உணர்த்துகின்றன.

ஒரு நியமனத்தின் கதை

பொலிஸ் மா அதிபராக இருந்த சி.டி. விக்ரமரத்னவின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற வேண்டியிருந்தது. அடுத்தவர் யார் என்பதில் இணக்கம் ஏற்படாத நிலையில் அவரது சேவை குறுகிய தவணைகளாகப் பல முறை நீடிக்கப்பட்டது. 2023 நவம்பர் இறுதியில் தேசபந்து தென்னகோன் பதில் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். இரண்டு வாரங்கள் கழித்து, டிசம்பர் 14 ஆம் திகதி, உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அவர் நுகேகொடைப் பிரிவில் கடமையாற்றிய காலத்தில் மிரிஹான பொலிஸில் ஒருவர் சித்திரவதைக்குள்ளாக்கப்பட்டமைக்கு அவரும் பொறுப்பாளி எனக் கண்ட நீதிமன்றம், நட்டஈடு செலுத்துமாறு பணித்ததோடு ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறும் உத்தரவிட்டது.

நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இவ்வாறு கூறிய பின்னரும், 2024 பெப்ரவரி 26 ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க அவரை நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமித்தார். இந்நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் அவசியம். பேரவையின் தீர்மானமொன்று செல்லுபடியாவதற்குக் குறைந்தது ஐந்து உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அன்றைய கூட்டத்தில் நால்வர் ஆதரவளித்தனர், இருவர் எதிர்த்தனர், இருவர் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றனர். விலகி நின்ற இருவரையும் எதிர்த்தவர்களாகக் கணக்கிட்டு, நான்குக்கு நான்கு எனச் சமநிலை உருவானதாகக் கொண்டு, தலைமை வகித்த சபாநாயகர் தமது தீர்மானிக்கும் வாக்கைப் பயன்படுத்தினார். ஐந்தாவது வாக்கு இவ்வாறுதான் பிறந்தது.

இதனை எதிர்த்துக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2024 ஜூலை 24 ஆம் திகதி, தேசபந்து தென்னகோன் அப்பதவியில் செயற்படுவதை நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் தடுத்தது. பதில் அதிகாரி ஒருவரை நியமிக்குமாறும் கூறியது. ஆனால் நியமனம் நடைபெறவில்லை. அதன் விளைவாக, செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நாட்டின் பொலிஸ் படைக்குச் செயற்படும் தலைவர் ஒருவர் இருக்கவில்லை. புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பதவியேற்ற பின்னர், செப்டெம்பர் 27 ஆம் திகதியே பிரியந்த வீரசூரிய பதில் பொலிஸ் மா அதிபரானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 டிசம்பர் 31 ஆம் திகதி வெலிகமையில் பொலிஸாருக்கும் பொலிஸாருக்குமிடையே நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் சார்ஜன்ட் ஒருவர் உயிரிழந்தார். இச்சம்பவம் தொடர்பாக 2025 பெப்ரவரி இறுதியில் மாத்தறை நீதவான் நீதிமன்றம் தேசபந்து தென்னகோனைக் கைது செய்ய உத்தரவிட்டது. பொலிஸ் மா அதிபர் பதவியைப் பெயரளவில் வகித்த ஒருவரை அவரது பொலிஸாரே தேடும் நிலை உருவானது. மார்ச் 19 ஆம் திகதியே அவர் நீதிமன்றில் சரணடைந்தார். 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க, உத்தியோகத்தர்களைப் பதவி நீக்குதல் தொடர்பான சட்டத்தின் கீழ் பாராளுமன்றம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. உயர் நீதிமன்ற நீதியரசர் பி.பி. சூரசேன தலைமையிலான அக்குழு அவரைக் குற்றவாளியாகக் கண்டது. 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி, 177 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களிக்க, ஒருவரேனும் எதிர்க்காத நிலையில் அவர் பதவி நீக்கப்பட்டார். பாராளுமன்றத் தீர்மானத்தின் மூலம் பதவியிழந்த முதலாவது பொலிஸ் மா அதிபர் அவரே. அம்மாதமே பிரியந்த வீரசூரிய நிரந்தரமாக நியமிக்கப்பட்டார்.

நீதி ஈற்றில் வென்றது எனக் கூறி நாம் ஆறுதலடையலாம். ஆனால் ஒரு பிழையான நியமனத்தைத் திருத்த உயர் நீதிமன்றமும், நீதவான் நீதிமன்றமும், விசாரணைக் குழுவும், முழுப் பாராளுமன்றமும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

எழுதியும் அழித்தும் வந்த விதிகள்

இலங்கைப் பொலிஸ் இன்றும் இயங்குவது 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழாகும். குடியேற்ற ஆட்சி தன்னைக் காத்துக்கொள்வதற்காக வகுத்த சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பின்னர் நிலைமை சீரடைவதற்குப் பதிலாக, 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரச உத்தியோகத்தரின் நியமனத்தை அமைச்சரவையின் கையில் ஒப்படைத்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அவ்வழியையே பின்பற்றியது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைத் தெரிவு செய்வது தொகுதி அரசியல்வாதியின் உரிமை என்ற எண்ணம் நாடெங்கும் வேரூன்றியதன் பின்னணி இதுவே.

இந்நிலையை மாற்றவே 2001 ஒக்டோபரில் 17 ஆவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. பெரும்பாலும் பாராளுமன்றத்துக்கு வெளியிலுள்ளோரைக் கொண்ட பத்துப் பேர் அடங்கிய அரசியலமைப்புப் பேரவை உருவாகியது. அதன் சிபாரிசின்படி 2002 நவம்பரில் முதலாவது தேசிய பொலிஸ் ஆணைக்குழு, ஜனாதிபதி சட்டத்தரணி ரஞ்சித் அபேசூரியவின் தலைமையில் பணியைத் தொடங்கியது. பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த ஏனைய உத்தியோகத்தரின் நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பதவி நீக்கம் ஆகிய அதிகாரங்கள் அமைச்சர்களிடமிருந்து அகன்று அதனிடம் சென்றன.

அந்த ஏற்பாடு மூன்றாண்டுகளே நிலைத்தது. 2005 மார்ச்சில் பேரவையின் பதவிக்காலம் முடிந்தது. சிறிய கட்சிகள் தமது பிரதிநிதி யார் என்பதில் உடன்படாமையால் அது மீண்டும் கூடவில்லை. ஆணைக்குழுவும் 2005 நவம்பரில் காலாவதியானது. 2006 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பேரவையின் சிபாரிசின்றித் தாமே உறுப்பினர்களை நியமித்தார். சட்டம் ரத்துச் செய்யப்படாமலே செயலிழந்த விந்தை அது.

2010 செப்டெம்பரில் 18 ஆவது திருத்தம் பேரவையை ஒழித்து, அபிப்பிராயம் தெரிவிக்க மட்டும் உரிமையுள்ள ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை அமைத்தது. பொலிஸ் ஆணைக்குழுவின் பணி முறைப்பாடுகளை விசாரிப்பதாகச் சுருங்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் இழந்தவற்றை மீட்டது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் பறித்தது. பொருளாதார நெருக்கடியும் மக்கள் எழுச்சியும் நாட்டை உலுக்கிய பின்னர், 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் கொண்டுவந்தது. இருபத்தோரு ஆண்டுகளில் ஐந்து திருத்தங்கள்! பொலிஸின் சுயாதீனம் ஆட்சி மாறும்போதெல்லாம் நிறம் மாறும் சுவராக இருந்திருக்கின்றது.

இதில் இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. 2019 ஏப்ரல் இறுதியிலிருந்து 2025 ஆகஸ்ட் வரையான ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பொலிஸ் படை பதில் அதிகாரியின் கீழோ, அல்லது செயற்படும் தலைவர் எவருமின்றியோ இருந்துள்ளது. பதினான்கு நாட்களுக்கு மேற்பட்ட பதில் நியமனத்துக்கும் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என விதி இருக்கவே செய்கின்றது. ஆயினும் பதில் கடமையில் இருப்பவர், தம்மை உறுதிப்படுத்தப் போகிறவரின் முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கத் தூண்டப்படுவார் என்பது மனித இயல்பு. மாதக் கணக்கில் நீடிக்கப்படும் சேவைக்கும் இது பொருந்தும்.

புத்தளம் கண்ட இரு பாடங்கள்

மேலே நிகழும் குழப்பம் கீழே எவ்வாறு இறங்கி வருகின்றது என்பதைப் புத்தளம் மாவட்டம் 2019 இல் அனுபவித்தது. அவ்வாண்டு ஜனவரியில் இம்மாவட்டத்தின் வனாத்தவில்லுவிலுள்ள தென்னந்தோட்டமொன்றில் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் பெருந்தொகை வெடிபொருட்களைக் கைப்பற்றினர். ஏப்ரல் 4 ஆம் திகதி வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவலும் கிடைத்தது. அவ்வாறிருந்தும் ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அனர்த்தம் தடுக்கப்படவில்லை.

அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர, 19 ஆவது திருத்தத்தின் கீழ் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் 2016 இல் நியமிக்கப்பட்டவர். ஆனால் அவருக்கும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கும் இடையே உறவு முறிந்திருந்தது. தாம் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை என அவர் பின்னர் சாட்சியமளித்தார். 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இவ்விருவரையும், அரச புலனாய்வுச் சேவையின் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தன உள்ளிட்ட ஏனையோரையும் பொறுப்பாளிகளாகக் கண்டு நட்டஈடு செலுத்தப் பணித்தது. முறையான வழியில் நியமிக்கப்படுவது மட்டும் போதாது, நியமிக்கப்பட்டவர் தமது கடமையைச் செய்யக்கூடியதாகவும் செய்யத் தவறினால் பதில் கூற வேண்டியவராகவும் இருத்தல் வேண்டும் என்பதே முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் மூன்று வாரங்களில் வந்தது. மே 13 ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் ஊரடங்குச் சட்டம் அமுலில் இருக்கும்போதே காடையர் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. புத்தளம் மாவட்டத்தின் நாத்தாண்டியப் பகுதியில் ஒருவர் கொல்லப்பட்டார். பாதுகாப்புத் தரப்பினர் உரிய வேளையில் தடுக்கவில்லை என்பது பாதிக்கப்பட்டோரின் முறையீடு. குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த கத்தோலிக்கரும், கலவரத்தில் உடைமைகளை இழந்த முஸ்லிம்களும் கேட்பது ஒரே கேள்வியே: கடமை தவறிய அதிகாரியை யார் விசாரிப்பார்?

அதற்கு ஒரு விடை 2025 ஜூலையில் கிடைத்தது. ஒழுக்காற்று விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்ட சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் நிலந்த ஜயவர்தனவைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு சேவையிலிருந்து நீக்கியது. சுயாதீன ஆணைக்குழு இல்லாதிருந்தால் இத்தகைய நடவடிக்கை நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அதற்கு ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன. உயர் பதவி வகித்தவர் விடயத்திலேயே இவ்வளவு காலமெனின், கிராமப் பொலிஸ் நிலையத்தில் அடிபட்ட ஒரு மீனவனின் முறைப்பாடு எப்போது முடிவுறும்?

ஆணைக்குழுவின் பலமும் பலவீனமும்

அரசியலமைப்பின் 155 ஆவது உறுப்புரையின் ஏற்பாடுகள் ஏழு பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு இருவகைப் பணியைத் தருகின்றன. ஒன்று, உத்தியோகத்தர் மீதான நிருவாக அதிகாரம். மற்றையது, பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரித்தல். முதலாவதில், இடமாற்றத்தையும் ஒழுக்காற்றையும் பொலிஸ் மா அதிபருடன் கலந்தாலோசித்தே ஆணைக்குழு செயற்படுத்த வேண்டும். இந்தக் கலந்தாலோசனை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது தெளிவில்லாமையால், பொறுப்பதிகாரிகளை இடமாற்றும் அதிகாரம் யாருடையது என்ற இழுபறி அவ்வப்போது எழுகின்றது. 2025 இலும் அது பகிரங்க விவாதமாகியது.

பொலிஸ் தலைமையின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தமக்குக் கீழுள்ளவரை இடம் மாற்ற முடியாத தலைவர் குற்றத் தடுப்புக்கு எவ்வாறு பொறுப்பேற்பார்? ஆனால் ஆணைக்குழுவின் பிடி தளருமிடத்து, பழைய தொலைபேசி அழைப்புகள் திரும்பி வரும் என்ற அச்சத்துக்கு அனுபவமே சாட்சி. தீர்வு இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. இடமாற்றம் எவர் கையொப்பத்தில் வெளிவந்தாலும் அதற்கான காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும். காரணமின்றி இடமாற்றப்பட்டவருக்கு ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யும் வழி விரைவாகத் திறக்க வேண்டும்.

இரண்டாவது பணியிலேயே குறைபாடு அதிகம். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடு பெரும்பாலும் இன்னொரு பொலிஸ் அதிகாரியிடமே அறிக்கைக்காகச் செல்கின்றது. வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழிக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மாகாணங்களின் கோணமும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம், ஒவ்வொரு மாகாணத்துக்குமான பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்துடன் நியமிக்கவும், மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவொன்றை அமைக்கவும் வழி செய்தது. வடக்கு கிழக்குக்கு மட்டுமன்றி, நுரைச்சோலை அடங்கிய வடமேல் மாகாணத்துக்கும் உரிய ஏற்பாடு இது. இன்றுவரை அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கின்றது.

பிறர் நடந்த வழி

இச்சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டெம்பர் 22 ஆம் திகதி உச்ச நீதிமன்றம், மாநிலக் காவல்துறைத் தலைவரை மத்திய தேர்வாணையம் தெரிவு செய்யும் மூவரிலிருந்தே நியமிக்க வேண்டும், அவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டும், முறைப்பாட்டு ஆணையங்கள் வேண்டும் எனப் பணித்தது. பல மாநிலங்கள் இதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. தமிழ்நாட்டிலும் 2025 ஆகஸ்ட் இறுதியில் காவல்துறைத் தலைமை இயக்குநர் ஓய்வுபெற்றபோது, நிரந்தரமாக எவரும் நியமிக்கப்படாமல் பொறுப்பு அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டமை சர்ச்சையைக் கிளப்பியது. நீதிமன்றக் கட்டளையையும் ‘பொறுப்பு’ என்ற ஒரு சொல்லால் சுற்றிச் செல்ல முடியும் என்பதை இது காட்டுகின்றது.

மாறாக, நீண்ட இன மோதலைக் கண்ட வட அயர்லாந்தில் 1999 ஆம் ஆண்டின் பற்றன் ஆணைக்குழு அறிக்கைக்குப் பின்னர் பொலிஸ் முற்றாக மறுசீரமைக்கப்பட்டது. பொலிஸ் சபையொன்று தலைமை அதிகாரியைத் தெரிவு செய்து அவரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கின்றது. 2000 இல் தொடங்கிய பொலிஸ் முறைகேள் அதிகாரியின் அலுவலகம், பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தனது சொந்த விசாரணையாளர்களைக் கொண்டே விசாரிக்கின்றது. இரு சமூகங்களின் நம்பிக்கையையும் ஓரளவுக்கேனும் பெற அது துணை செய்தது.

இவற்றிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினைகள் கடினமானவையல்ல. பேரவையில் விலகி நிற்போரின் வாக்கு எவ்வாறு கணக்கிடப்படும் என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். ஒருவரை அங்கீகரித்ததற்கான காரணங்கள் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். பதவி வெற்றிடமாவதற்கு முன்னரே தெரிவு முடிவுற வேண்டும். தெரிவானவருக்கு நிலையான காலவரையறை வேண்டும். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பொலிஸிலிருந்து வேறுபட்ட விசாரணையாளர் அணியும் அதற்கான நிதியும் வழங்கப்பட வேண்டும். முறைப்பாட்டாளர் தமது மொழியில் முறையிடவும், அதன் முடிவைத் தமது மொழியிலேயே பெறவும் வேண்டும்.

177 வாக்குகளால் ஒருவரைப் பதவி நீக்கிய பாராளுமன்றத்துக்கு, இச்சீர்திருத்தங்களுக்கு வேண்டிய வாக்குகளைத் திரட்டுவது கடினமாக இருக்க முடியாது. பெரும்பான்மைப் பலம் கையிலிருக்கும்போது தனது கையைத் தானே கட்டிக்கொள்ளும் அரசாங்கம் அரிது. ஆனால் இன்றைய ஆளுந்தரப்பு நாளைய எதிர்த்தரப்பு என்பதற்கு எமது அரசியல் வரலாறே சான்று. அன்று அவர்களும் ஒரு நடுநிலையான பொலிஸையே நாடுவர்.

நுரைச்சோலையில் தனது வலையைத் தேடிப் பொலிஸ் படியேறும் கடற்றொழிலாளிக்கு அரசியலமைப்புப் பேரவையின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவனது முறைப்பாடு அவனுக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டு, எவருடைய தொலைபேசி அழைப்புக்கும் அஞ்சாத அதிகாரி ஒருவரால் விசாரிக்கப்படுமாயின் அதுவே போதும். கொழும்பில் நடக்கும் நியமனங்கள் சரியானவையா என்பதை அந்தப் படிக்கட்டில் நின்றே அளவிட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.